பன்னிரண்டு பாகை

கொழும்பில் மே மாதம். வெயில் இல்லை, ஆனாலும்
ஈரத்துவாயால் மூக்கைப் பொத்தியது போல் புழுக்கம்.
தேர்ஸ்டன் வீதி, இரண்டாம் மாடி, ஆய்வுகூடம்.
"கெதியா பாருங்க பாஸ்" என்றாள் சந்துனி மிஸ்.

நான் திறந்த குளிர்ப்பெட்டிகளில்
பாரை மீன் இருந்திருக்கிறது,
தடுப்பூசி, திருமணக் கேக்,
பொரளையில் ஒருமுறை, உரியவர் வராத பிரேதம்.
இதில் பதினேழு செடி.
சுண்டுவிரல் உயரம்.
இலைமேல் பூனைக்குட்டிக் காதின் மயிர்.

"மலையில், பனி இறங்கும் சதுப்பில் முளைப்பது"
தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்.
"முதலில் பாதையோரம் இருந்தது.
சூடு ஏறியது. இதுவும் ஏறியது.
விதை விழுந்து விழுந்து, மெல்ல மெல்ல.
இப்போது உச்சிப் பாறைக்குப் பக்கத்தில்
ஒரு மேசையளவு இடம்."

அதற்கு மேலே?
கேட்டுவிட்டேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
களனி கங்கை பெருகிய இரவு, வெல்லம்பிட்டியில்,
கட்டிலில் ஏறினோம், கட்டில் நனைந்தது.
மேசையில் ஏறினோம்.
பிறகு ஓட்டைப் பிரித்துக் கூரையில் குந்தியிருக்க
மகன் கேட்டான்:
இனி எங்க வாப்பா?
எங்களுக்காவது விடியமுன் படகு வந்தது.

வாயு கசிந்திருந்தது. கொம்பிரசர் கருகியிருந்தது.
பஞ்சிகாவத்தைக்கு ஓடி, ஐந்து கடை ஏறி,
யாரோ மூடிய ஹோட்டலின் பழையதொன்றைத் தூக்கி வந்தேன்.
அதுவரை அவள்
மீன்காரனிடம் வாங்கிய ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி
தட்டின் நான்கு பக்கமும் வைத்தபடி,
காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் இருப்பவள் மாதிரி.

பிறகு அது உறுமியது.
இருபத்தொன்பது. இருபத்துநான்கு.
பதினேழில் கொஞ்சம் நின்று யோசித்தது.
பன்னிரண்டு.
மிஸ் சிரித்தாள். நான் பல்கனிக்குப் போனேன்.
வெளியே காற்றாடி முகத்தில் அனலை அடித்தது.
கீழே லொத்தர் விற்கும் பெண்
தன் குடையையும் முக்காலியையும்
நான்கடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

முப்பது வருஷமாக இதுதான் தொழில்.
குளிர் என்று ஒன்றை நாங்கள் செய்வதில்லை.
சூட்டை இங்கிருந்து எடுத்து
அங்கே போடுகிறோம்.
அங்கே யார் இருக்கிறார் என்று
பில்லில் எழுத இடமில்லை.

"உத்தரவாதம் எவ்வளவு காலம்?"
பழைய சாமான் மிஸ். ஆறு மாதம்.
அவள் விரல்களை மடித்துப் பார்த்தாள்.
ஜூன், ஜூலை... மறு கையும் வேண்டியிருந்தது.
பூத்து, விதை முற்ற
எட்டு மாதமாகுமாம்.

ஆறை வெட்டிவிட்டு
எட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.