வாகன எண்

ஜூன் மாதத்து லெனேசியாவில்
நாலே முக்காலுக்கு
விடியல் என்பது வெறும் வதந்தி.
மின்வெட்டு அட்டவணைப்படி இன்று எங்கள் முறை.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
என் மூச்சு மட்டும் எனக்கு முன்னால் போகிறது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்:
பதினெட்டு வாரம், நூற்றிருபத்தாறு கட்டம்,
கடைசிக் கட்டத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
ஓடி முடித்த நாளுக்குப் பச்சை மை.
மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான்,
காலிக் கட்டம் கண்டால் ஆகாது.

டைல்ஸ் கிடங்கின் வாசலில்
ஓட்டை போட்ட தகர டின்னில்
கரி எரித்துக்கொண்டு தகலானி.
முதல் வாரம் கையசைத்தார்.
அடுத்த வாரம், "எங்கே போகிறீர்கள், மா?"
"எங்கேயும் இல்லை. சுற்றித் திரும்பி வருவேன்."
மூன்றாம் வாரம் பதிவேட்டை நீட்டினார்.
பெயர்: கோகிலம் மூட்லி.
காரணம்: ஓட்டம்.
வாகன எண் என்ற இடத்தில்
என்னைக் கேட்காமலே எழுதினார்: இரண்டு கால்.
போன நேரம். திரும்பிய நேரம்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
ஆனால் அன்றிலிருந்து
தண்டவாள வளைவில் நாய்கள் துரத்தும்போதெல்லாம்
எங்கோ ஒரு நோட்டில்
எனக்காக ஒரு கட்டம் திறந்து கிடப்பதை
நினைத்துக்கொண்டேன்.

பிறகு காய்ச்சல், பதினோரு நாள்.
கடையின் மாத்திரை எல்லாம்
எனக்கே ஊழியர் தள்ளுபடியில்.
தாளில் வெள்ளையாக ஒரு வரிசை, விழுந்த பல் மாதிரி.

ஜூலையில் முனிசிபாலிட்டிக் குழாய் உடைந்தது.
மூன்று நாள் தெருவெல்லாம் ஓடிய தண்ணீர்
நாலாம் நாள் ஓடவில்லை.
நின்றிருந்தது, கண்ணாடியாக.
நான்தான் ஓடினேன் அதன்மேல்.

விழுந்த சத்தம்
வேறு யாரோ விழுந்ததுபோல் கேட்டது.
விளக்கு உருண்டுபோய்ச் சாக்கடையை வெளிச்சம் போட்டுக் காட்டியது.
போன் எடுத்து வருவதில்லை, பறித்துவிடுவார்கள்.
கணுக்கால் தன் பாட்டுக்கு வீங்கியது.
எரிந்த புல்லின் வாசம்.
வடகிழக்கில் கார்த்திகைக் கூட்டம்.
ஆறு எண்ணினேன், திரும்ப ஆறு,
பல் கிட்டித்து எண்ணிக்கை உடையும்வரை.

டார்ச் ஒன்று ஆடி ஆடி வந்தது.
கக்கத்தில் பதிவேட்டோடு தகலானி.
"ஐந்து இருபது ஆகிவிட்டது, மா.
உங்கள் கட்டம் காலி."

வாசலை விட்டு வந்ததற்கு
அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்ததாம்.
எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து,
கட்டுப் போட்ட காலோடு
ரஸ்க் டப்பா ஒன்றைக் கொடுக்கப் போனபோது.
அவர் இல்லை. வேறு வாசலுக்கு மாற்றிவிட்டார்கள்.
எந்த வாசல்?
புதுப் பையன் உதட்டைப் பிதுக்கினான்.
ரஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்ட். முகத்தில் அறைகிற மண்காற்று.
பிசியோதெரபிஸ்ட் அரை மனதாகத் தலையாட்டிவிட்டாள்.
இருபத்தொன்பது நாள் மிச்சம்,
நான் ஓட முடிவது ஆறு கிலோமீட்டர்.
எப்படிப் போட்டாலும் கணக்கு உதைக்கிறது.
மகன் சொல்கிறான், அடுத்த வருடம் பார்க்கலாமே என்று.
பார்க்கலாம்தான்.

இன்று காலை பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன்.
எதற்கு என்று பையனுக்குப் புரியவில்லை.
பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்:
டைல்ஸ் லாரி, சிமெண்ட் லாரி, தண்ணீர் லாரி,
பிறகு ஜூலையின் அந்த நாள்.
திரும்பிய நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு.
வாகன எண்ணில்
இரண்டு கால் என்பதை அடித்துவிட்டு
அவர் கையெழுத்தில்: மூன்று கால்.
என்னுடையது ஒன்று, அவருடையது இரண்டு.

புதுப் பக்கம் எடுத்தேன்.
குளிரில் பேனா எழுத மறுத்தது.
உள்ளங்கையில் உருட்டி, வாயால் ஊதி,
போன நேரத்தை மட்டும் எழுதிவிட்டு
பையனிடம் சொன்னேன்:
"ஐந்தரைக்கு மேல் ஆனால் கொஞ்சம் எட்டிப் பார்."