நம்ம ரோடு

"நம்ம ரோடுதானுங்ணா" என்றேன்.
சாவியை மடியில் ஒளித்திருந்த சென்னியப்பண்ணன்
என்னை இரண்டு தரம் பார்த்தார்.
"நிதானமாப் போயிக்கோ" என்று கொடுத்துவிட்டார்.
கெடாவெட்டு இலைகளை இன்னும் எடுக்கவில்லை.
அந்தப் பந்தலில் நிதானமாய் இருந்தவை
எலும்புக்குக் காத்திருந்த நாய்கள் மட்டும்.

காமநாயக்கன்பாளையம் தாண்டினால் இருட்டு.
காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள்.
கண் சொருகாமலிருக்க எண்ணிக்கொண்டே போனேன்.
பதினொன்று வரை பிசகில்லை.
பன்னிரண்டாவது தாழ்வாக இருந்தது,
முழங்கால் உயரம்.

"ஊது" என்றார் எஸ்.ஐ.
பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
நூறு மில்லியில் முப்பது மில்லிகிராம் வரை
சட்டம் பொறுத்துக்கொள்ளுமாம்.
எனக்கு நூற்றுப் பன்னிரண்டு.
நூலுக்குக் கவுண்ட் பார்த்தே நரைத்தவன்
என் கவுண்ட்டை ஒரு துண்டுச் சீட்டில் பார்த்தேன்.
கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
போட்டது என்னுடையது மாதிரி இல்லை.

முதல் தகவல் அறிக்கையில் அவன்
"அடையாளம் தெரியாத வடமாநில ஆண்".
மூன்றாம் நாள் பெயர் வந்தது:
தபன் நாயக், இருபத்தேழு.
ரைட்டர் அதை இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.
நைட் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தானாம்,
சுல்தான்பேட்டைப் பக்கம் ஓ.இ. மில்லுக்கு.
அந்த மில்லின் கோன்தான்
என் எட்டுத் தறியிலும் ஓடிக்கொண்டிருந்தது.
அன்றிரவு யாரும் நிறுத்தவில்லை.

லைசென்ஸ் போனது.
தினமும் பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.
என் கார் அங்கே வேப்பமரத்தடியில்,
கண்ணாடி உடைந்த பக்கமாகப் பழங்கள் உள்ளே உதிர்ந்து
சீட்டில் இரண்டு கன்று முளைத்துவிட்டது.
சென்னியப்பண்ணன் போனை எடுப்பதில்லை.
சாட்சிப் பட்டியலில் அவர் ஆறாவது.

திருப்பூரில், விபத்துத் தீர்ப்பாயத்தில்,
ஒரு ஆளுக்கு எப்படிக் கணக்குப் போடுவதென்று பார்த்தேன்.
மாதம் பதினாலாயிரம், பெருக்கல் பன்னிரண்டு,
வயதுக்காகப் பெருக்கல் பதினேழு.
உயிரோடிருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பான் என
மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள்.
இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து,
இப்போதைக்கு நாங்கள் கட்டினாலும்
குடித்து ஓட்டியவரிடம் வசூலிப்போம் என்றார்.
மனசுக்குள் தறிகளை
ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தேன்.

"சைக்கிளில் பின்னால சிவப்பு இல்லைன்னு
மட்டும் சொல்லிப்போடுங்க.
அவன் தப்பும் சேர்ந்துக்கும், தொகை குறையும்."
டீக்கடையில், வடையைப் பிய்த்தபடி, என் வக்கீல்.
தலையாட்டினேன்.

எதிர் பெஞ்சில் அவன் மனைவி.
இரண்டு நாள் ரயிலில் வந்தவள்.
கேள்வி ஒவ்வொன்றும் ஒடியாவாகி அவளிடம் போய்
பதில் தமிழாகித் திரும்ப நேரமெடுத்தது.
வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்கள்.
சைக்கிளைத் தருவீர்களா என்று கேட்டாள்.
இன்னும் மூன்று தவணை கட்ட வேண்டுமாம்.
வழக்குச் சொத்து, கேஸ் முடியட்டும் என்றார் யாரோ.

பிறகு நான் கூண்டில் ஏறினேன்.

"சைக்கிளின் பின்னால் சிவப்பு இருந்ததா?"

தொண்டை காய்ந்திருந்தது.
அந்த இரவுக்குப் பிறகு அது காய்ந்தேதான் இருக்கிறது.

"இருந்துச்சுங்க."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"எண்ணினேனுங்க."

என் வக்கீல் கட்டை மூடினார்.
மொழிபெயர்ப்பவர் அவள் பக்கம் குனிந்தார்.
அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர
ரொம்ப நேரமானது.