கிரந்தி

பெரியகல்லாற்றில் இரவு பதினொன்று.
பேர்கனில் வெயில் இன்னும் போகவில்லையாம்.
மிதுஷா எடுக்கிறாள், தம்பியின் மகள்.
அவள் தமிழ்
பாதி வழியில் ஆளை இறக்கிவிடும் பஸ்.

"மாமி, கிரந்திக்கு இவங்கட பாஷையில என்ன?
ஒபரேஷன் முடிஞ்சு மூண்டு நாள்,
அப்பா மீனைத் தொடுறாரில்ல.
அலர்ஜியா எண்டு டொக்டர் கேக்கிறா.
ஓம் எண்டு எழுதட்டாம்?"

அலர்ஜி இல்லை.
சூடு என்றாலும் சரிவராது.
புண் பழுக்கும், ஊறல் எடுக்கும், தழும்பு தடிக்கும்...
சொல்லச் சொல்ல
அந்தப் பக்கம் பேனை நிற்கிறது.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
மருந்து கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் நான், பதினெட்டு வருசம்.
"மீன் தின்னுங்க, முட்டை தின்னுங்க, காயம் கெதியா ஆறும்."
"ஓம் மிஸ்" என்று போவார்கள்.
போய்
கத்தரிக்காயையும் சேர்த்துத் தள்ளிவைப்பார்கள்.

தம்பியோ
மீன் வெட்டுகிற பக்டரியில் பத்தொன்பது வருசம்.

தொண்ணூறாம் ஆண்டு.
அவனுக்கு எட்டு வயசு, எனக்கு இப்போதைய மிதுஷாவின் வயசு.
செல் துண்டு கெண்டைக்காலைக் கிழித்திருந்தது.
இறாலாணம் கேட்டு அழுதான்.
"இறால் கிரந்தி மனே, புண் ஆறட்டும்" என்றா அம்மா.
ஆற்றில் வலை போடத் தடை என்று சொல்லவில்லை.
அப்பாவின் தோணி ஓட்டையோடு கவிழ்ந்து கிடந்ததைச் சொல்லவில்லை.
சட்டியில் முருங்கையிலை, உப்பு.
எல்லாம் தெரிந்த நானும்
"ஓம்டா, கிரந்திதான்" என்றேன்.

புண் ஆறியது.
அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும்
காற்சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டுவான்.
விமானம் ஏறியதும் அந்தக் காலோடுதான்.

"மாமி, லைன்ல நிக்கிறீங்களா?"

"அலர்ஜி இல்ல எண்டு எழுதச் சொல்லு.
முட்டை குடுக்கச் சொல்லு.
அப்பாவ ஏசவேணாம் எண்டும் சொல்லு."
"ஏன் எண்டு கேட்டா?"
"மறுகா சொல்றன் மகள். வை."

குசினி லைட் எரிந்தபடி கிடக்கிறது.
நாளைக்கென்று உரித்த இறால் கோப்பையில்.
பின்னேரம் மகன்
கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தடியில் சைக்கிளோடு விழுந்தவன்,
முழங்காலில் நான்தான் மருந்து கட்டினேன்,
முறைப்படி, மூன்று தரம் கழுவி.

அவனுக்கென்று
பக்கத்தில் சின்னச் சட்டியில் பருப்பு ஊறுகிறது.
எப்போது போட்டேன் என்று
ஞாபகமில்லை.