முள்ளு எந்தப் பக்கம்

கொழுந்து மடுவத்துத் தராசுக் கொக்கியில்
இன்று கூடை இல்லை.
ஒரு வெள்ளை அட்டை தொங்குகிறது.
அதில் ஒரே எழுத்து
மேலும் கீழும் இடமும் வலமுமாகப் புரண்டு
வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது.

"எனக்கு எழுத்துத் தெரியாதே" என்றார் சன்னாசி.
"எழுத்து வேணாம். மூணு பல் இருக்குல்ல,
அது எந்தப் பக்கம்னு கையில காட்டுங்க."
"ஓ, முள்ளு."
முப்பது வருஷம் முள்ளுக் குத்திய கை
மூன்று விரலை விரித்து
தேயிலைத் தூருக்குள் இறக்குவதுபோல் காட்டியது.
மூன்றாம் வரியில் நின்றுவிட்டது.
"இதுக்குக் கீழ வெறும் மண்ணுதான் தெரியுது."

நான் மொழிபெயர்க்க வந்தவள்.
பொகவந்தலாவையிலிருந்து ஆட்டோ,
நாள் காசு, பகல் சோறு.
டொக்டர் சிங்களத்தில் சொல்வதை
நான் தமிழில் சொல்லவேண்டும்.

விழித்திரை என்றேன், சன்னாசி விழித்தார்.
கண்ணுக்குள்ளே பின்சுவர் என்றேன்.
லயத்தில் இருப்பவருக்குப் பின்சுவர் தெரியும்,
கசிவும் தெரியும்.
"சீனி கூடி ஒங்க பின்சுவர் கசியுதுங்க."
தலையாட்டினார்.
கூரைத் தகரத்துக்கு எத்தனையோ தரம்
மனுப் போட்டவர்.
"எந்த ஒபிசுல எழுதிக் குடுக்கணும்?"

பணிய டிவிஷனிலிருந்து வந்த இரண்டு பேர்
கண்புரையைப் பனி என்று நினைத்து
விலகட்டும் விலகட்டும் என்று
நாலு வருஷம் இருந்திருக்கிறார்கள்.

கண்ணாடி கேட்டு வந்தவள் பூவாத்தாள்.
டொக்டர் அவள் கீழ் இமையை விரலால் இழுத்தார்.
சிவப்பு இருக்கவேண்டிய இடம்
ரொட்டி மாவாய் வெளுத்திருந்தது.
கண்ணில் குறை இல்லை, இரத்தம்தான் இல்லை,
சொல்லச் சொன்னார், சொன்னேன்.
"அட்டை குடிச்சது போக மிச்சம் அவ்வளவுதான்"
என்று சிரித்தாள்.
கொக்கியில் தொங்கிய அட்டையை
ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வீராயி, இடுப்பில் மகன்.
டிலக்ஷன், ஆறு வயசு,
மூக்கைப் பார்த்துச் சாயும் இடது கண்.
டொக்டர் அவன் வலது கண்ணைப் பொத்தினார்.
"அம்மா, கரண்டு போச்சு!"

டொக்டர் எழுதினார்,
எழுதிக்கொண்டே சொன்னார்:
கம்மெலி எஸ.

எல்லாருக்கும் தெரிந்த சொல்.
சோம்பேறிக் கண்.
இதே கொக்கிக்குக் கீழே,
இரண்டு கிலோ குறைந்த நாளில்,
அரைப்பேர் எழுதிக்கொண்டே
கணக்குப்பிள்ளை வீராயியிடம் சொல்லும் சொல்.
மூன்றாம் வகுப்பில் என்னைக்
கடைசி வாங்கில் உட்கார வைத்ததும் அதுதான்.
என் இடது கண்ணை யாரும்
பொத்திப் பார்க்கவில்லை.
பொத்திப் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு,
நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

வீராயி என் வாயைப் பார்த்தபடி நின்றாள்.
டொக்டரும் பார்த்தார்.

"இந்தக் கண்ணுக்கு
இதுவரைக்கும் யாரும் வேலை குடுக்கல" என்றேன்.
"நல்ல கண்ண ஒட்டி மூடிட்டு
தெனம் ரெண்டு மணித்தியாலம்
இதுக்கு வேலை குடுக்கணும்.
புள்ள அழுவான். பிரிச்சிடாதீங்க."

வீராயி யோசித்தாள்.
"ரெண்டு மணித்தியாலத்துக்கு
முழுப்பேர் விழுமா?"

"விழும்" என்றேன். அது டொக்டர் சொன்னதல்ல.
சரியாகச் சொன்னாயா என்று கேட்டார்.
ஓவ், என்றேன்.

எல்லாரும் போனபின்
இருபதடி தள்ளி நின்று
என் வலது கண்ணைப் பொத்தினேன்.
வெள்ளையாய் ஏதோ ஆடியது.
மூன்று விரலை விரித்தேன்.
எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல்
கை அப்படியே நின்றது.

"மிஸ், கொக்கியிலிருந்து அதக் கழட்டுங்க,
அந்திக் கொழுந்து வருது."