பத்து விநாடி மௌனம்

கழுத்து அட்டையில் என் பெயரில்
ஓர் எழுத்தைக் குறைத்திருந்தார்கள்.
திருத்தச் சொல்லவில்லை.
மூன்று நாள்தானே,
குறைந்த ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

கோத்தன்பர்க்கில் மழை
பெய்யவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது.
முதல் நாள் காலை
பரிவு குறித்துப் பேசியவர்
தொண்ணூற்று நான்கு படங்களை ஓட்டினார்.
எழுபதாவதில் ஒரு கை இன்னொரு கையைப் பற்றியிருந்தது.
காசு கொடுத்து வாங்காத படம்;
பற்றிய விரல்களின் குறுக்கே
கடையின் பெயர் மங்கலாக ஓடியது.

கோண்டாரிலிருந்து வந்த ஸெகாயேவின் சுவரொட்டி
விமானம் மாறிய இடத்தில் தொலைந்துவிட்டது.
விடுதியில் கேட்டு வாங்கிய பதினாறு தாள்களில்
கையால் எழுதி ஒட்டியிருந்தார்:
ஐந்து நாற்காலி, நாற்பது மாணவர், ஒரு பிரேதம்.
கூட்டம் அங்கேதான் நின்றது.
வரைபடத்தில் ஒரு கோடு
பேனா தீர்ந்து பாதியில் நின்றிருக்க,
அந்தச் சரிவுக்கு என்ன காரணம் என்று
ஒருவர் தீவிரமாகக் கேட்டார்.

இரண்டாம் நாள்
கெட்ட செய்தி சொல்லும் பயிற்சி.
நோயாளியாக நடிக்க வந்தவர் குன்வோர் ஹால்க்விஸ்ட்.
மற்ற நாட்களில் டிராமில் சீட்டுப் பரிசோதகர்.
பதினோரு ஆண்டுகளாகக்
கணையம், நுரையீரல், மறுபடி கணையம்,
ஒருமுறை, பனியில் சறுக்கிய காருக்குள் மகன்.
எண்ணூறு தடவைக்கு மேல் கேட்டாயிற்று.
மணிக்கு இவ்வளவு என்று கூலி.
அழுதால் தனியாக ஒன்றும் இல்லை.

நான் கை தூக்கினேன்.
இருபத்தாறு வருடம் இதைக் கற்பித்தவன்.
நாற்காலியை இழுத்து அவர் உயரத்துக்குப் போட்டேன்.
கைபேசியை அணைத்தேன், அவர் பார்க்கும்படி.
எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்றேன்.
சொன்னேன்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை
நீட்டாமல், எட்டும் தூரத்துக்கு மட்டும்
நகர்த்தினேன்.
பிறகு விதிப்படி மௌனம்.

இருபதுக்குப் பத்தொன்பது.
கைதட்டினார்கள்.
கைராசிக்கென்று ஒரு கட்டம்
அந்தத் தாளில் இல்லை;
இருந்திருந்தால்
அதையும் நிரப்பியிருப்பேன்.

மாலை டிராம் நிழற்குடையில்
ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டு நின்றார் குன்வோர்.
அந்த ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று என்று கேட்டேன்.
வெட்கமில்லாத கேள்விதான்.

'எண்ணினீர்கள்' என்றார்.
'உதடு அசைந்தது.
ஒன்பது வரைக்கும்
நானும் கூடவே எண்ணினேன்.'

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
கோபமும் இல்லை. மார்பில் சிந்திய சர்க்கரையைத்
தட்டிவிட்டார்.

'நிஜமாகவும் ஒருமுறை சொன்னார்கள்.
என் டோர்னியைப் பற்றி.'

அந்த டாக்டர் எப்படிச் சொன்னார் என்றேன்,
குறிப்பேட்டைத் திறக்காத குறையாக.

'தெரியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி
பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, பீப் பீப் என்று.
அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
அவர் பேசியதெல்லாம் லாரிக்குள் போய்விட்டது.
நல்லவராகக்கூட இருந்திருக்கலாம்.'

ஆறாம் எண் டிராம் வந்தது.
ஏறப்போனவர் திரும்பி
என் அட்டையை விரலால் நிமிர்த்தினார்,
சீட்டு பார்க்கும் பழக்கம் போல.
எழுத்துக் குறைந்த அந்தப் பெயரால்
என்னை அழைத்து விடைபெற்றார்.
நானும் 'சரி' என்றேன்.

மூன்றாம் நாள் சான்றிதழ் தருமுன்
ஒரு படிவம்:
ஊர் திரும்பியதும் எதை மாற்றிச் செய்வீர்கள்?
எழுத ஒரே ஒரு வரி இடம்.

மண்டபத்துக்குப் பின்னால்
மருந்துக் கம்பெனிகளின் கூடாரங்களை ஏற்ற
வண்டி ஒன்று பின்வாங்கத் தொடங்கியது.
பேனாவை மூடி வைத்துவிட்டு,
இந்த முறையாவது சும்மா கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

பதினான்காவது பீப்பில்
நின்றது.