நீலக் கதவு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போதெல்லாம்
என் போனில் கூட்டம் அதிகம்.
கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள்
இருபது பேர் திட்டித் தீர்த்திருப்பார்கள்
ரயில்வேயை, வெயிலை, முன்னால் நிற்கும் ஆட்டோவை.

எங்கள் சர்வர் ஒரு பழைய கம்ப்யூட்டர்.
பரணில், கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குப் பக்கத்தில்
இன்வெர்ட்டரை நம்பி மூச்சு விடுகிறது.
முந்நூற்றுப் பதினோரு பேர்.
மாதம் பத்து ரூபாய், கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள்.
கம்பெனி கிடையாது.
புகார்ப் பெட்டி நான்தான்.
பகலில் பாரிமுனை ஆடிட்டர் ஒருவருக்கு
வவுச்சர் அடுக்குகிறேன்.

தொடங்கியபோது ஒருவர் கேட்டார்
கெட்ட வார்த்தைக்குத் தடை போடலாமே என்று.
போட்டால் காசிமேட்டில் ஏலம் நடக்காது,
வியாசர்பாடியில் பந்து உருளாது,
பாதிப் பேருக்குச் சிநேகிதனைக் கூப்பிட
வேறு பெயரே தெரியாது என்றேன்.
ஒரே ஒரு விதி எழுதினேன்:
எதிரில் நின்று சொல்ல முடிந்ததை மட்டும் சொல்.

பிறகு ஃபிலோமினா எழுதினாள்,
நிவாரணப் பட்டியலில்
சங்கத்துக்காரர்கள் யார் யார் பெயரை
இரண்டு முறை ஏற்றினார்கள் என்று,
படகு எண்களோடு.

நாகமுத்து பதில் போட்டார்.
வசவு இல்லை. மரியாதை குறையவில்லை.
"தங்கச்சி வீடு பவர்குப்பத்தில் நீலக் கதவு.
பையன் மூணாங்கிளாஸ்.
மூன்றரைக்கு மணி அடிச்சா தனியாத்தான் நடந்து வர்றான்.
கடவுள் நல்லா வைக்கட்டும்."

வாழ்த்துதானே என்றார்கள் மூன்று பேர்.
கருத்து சுதந்திரம் என்றார் இன்னொருவர்,
நடுவில் ச் இல்லாமல்.
நாகமுத்து எதிரில் நின்றும் சொல்லக்கூடியவர்.
என் விதி அங்கேயே செத்தது.
அடுப்பில் ரசம் நுரைத்து வர
ஒரு விரலால் அவரை நீக்கினேன்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.
எண்ணூர்க்காரர்கள் சர்வரிலிருந்து
அதே நீலக் கதவு வந்தது.
அங்கே அட்மின் தயாநிதி. கேட்டேன்.
"எடுக்க மாட்டேன்மா.
இன்னைக்கு உனக்காக ஒருத்தன் வாயை மூடினா
நாளைக்கு ஆலைக்காரன் வந்து நிப்பான்."
ஆலைக்காரன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து நின்றிருக்கிறான்.
அவர் எதையும் எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அவர் சர்வரையே வெட்டினேன்.
ஒரு ஆளுக்காக ஒரு ஊர்.
நானூறு பேர் எங்களுக்கு ஊமையானார்கள்.
கழிமுகத்துத் தண்ணீரின் நிறத்தைத் தினமும் எழுதும்
பெயர் சொல்லாத அந்த ஆளும்தான்.
இன்று டீ. இன்று சாம்பல். இன்று பரவாயில்லை.

பன்னிரண்டு நாள் அமைதி.
பதின்மூன்றாம் இரவு தொண்டை எரிந்து விழித்தேன்.
எங்கள் முந்நூறு பேரும்
ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்
உனக்கும் அடிக்குதா, எங்கேருந்து, உனக்கும் அடிக்குதா.
தெரிந்தவர்கள்
நான் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

மூன்று ஐந்துக்குத் திறந்தேன்.
பழையது தானாக வராது. போய்த் தேடி எடுத்தேன்.
தண்ணீர் நிறக்காரர், நாற்பது நிமிடம் முன்னால்:
ஈரத்துணி கட்டுங்க. காத்து தெக்கால போவுது. கிளம்புங்க.

அதற்குக் கீழே புதிதாக ஒன்று.
நாகமுத்து.
அம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஆட்டோ இருந்தா சொல்லுங்க.
அதற்கும் கீழே
அழியாமல் அந்த நீலக் கதவு.

ஆட்டோ கேட்டதைப் பரப்பினேன்.
வேறு என்ன செய்வது.

ஃபிலோமினாவுக்குப் போன் போட்டேன்.
பையனைத் தோளில் போட்டுக்கொண்டு
ராயபுரம் பாலத்தின் மேல் நிற்பதாகச் சொன்னாள்.
எண்ணூரைத் திறந்துவிட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் இருமினாள்.

"கதவுக்குப் பச்சை அடிச்சிட்டேன்க்கா.
பையனுக்கு என்ன அடிக்கிறது?"