சேதாரம்

தங்கம் நிறுக்கிற கை இது.
பத்தொன்பது வருஷமாகப் புரசைவாக்கத்தில்
கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
மில்லிகிராமுக்கு மூச்சடக்கிய கை.
இப்போது விடிகாலை ஐந்தரைக்கு
ஒரு கினிப் பன்றியை
எவர்சில்வர் கிண்ணத்தில் உட்காரவைத்து நிறுக்கிறது.

எழுநூற்று நான்கு கிராம்.
எண்பத்தெட்டுப் பவுன்.
வந்தபோது நூற்றுப்பத்து.
நடுவில் போனதெல்லாம்
சேதாரம்.

எபினேசர் கொண்டுவந்தான், போன வருஷப் பொங்கலுக்கு.
ஒரு கையில் அம்மாவின் சங்கிலி, இரண்டரைப் பவுன்.
மறுகையில் வெங்காயக் கூடை.
"ஷார்ஜாவுக்கு டிக்கெட் போட்டாச்சுண்ணே.
இது ஒரே வாரம். அக்கா வந்து வாங்கிக்குவா."
சங்கிலிக்கு ரசீது எழுதினேன்.
கூடைக்கு எழுதவில்லை.
அக்கா என்று ஒருத்தி இருந்தாளா
என்பதே இப்போது சந்தேகம்.
பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்: சுக்கு.

ஆடியில் தாடைக்குக் கீழே
சுண்டைக்காயாக ஒன்று.
நான்கே நாளில் எலுமிச்சை.
கொத்தமல்லியைக் கண்டால் ஓடிவரும்,
வாயில் எடுக்கும், கீழே போடும்.
மோவாயெல்லாம் எச்சில் ஈரம்.

வேப்பேரியில் இரண்டு லாப்ரடாருக்கும்
காலில் கட்டுப்போட்ட ஆட்டுக்கும் நடுவே
கூடையை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.
"என்னங்க, எலியா?" என்றார் ஆட்டுக்காரர்.
"இல்லை, அடகு" என்று வாய்வரை வந்தது.

டாக்டர் நிலோஃபர் வாய்க்குள் விளக்கடித்தார்.
இதுகளுக்குச் சாகும்வரை பல் வளருமாம்.
மென்று மென்று தேய்த்தால்தான் அளவில் நிற்குமாம்.
கடைவாய்ப் பற்கள் இருபக்கமும் சாய்ந்து
நாக்கின்மேல் பாலம் கட்டியிருந்தன.
சென்னையில் பாலவேலை நடக்காத இடமே இல்லை
என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.
மயக்கம் கொடுத்துத் தேய்த்தார்கள்.
உரைகல் சத்தம் கேட்குமென்று
கதவருகே நின்றேன்.
மிக்ஸி ஓடுவதுபோல்தான் கேட்டது.

கீறிய இடத்தைத் தைக்கவில்லை.
"புண் உள்ளேயிருந்து ஆறி வரணும்.
வாய் முதல்ல மூடிக்கிட்டா மறுபடி சீழ் கட்டும்.
திறந்து வைக்கிறது உங்க வேலை.
வீட்ல கிடக்கிற மாத்திரை எதையும்
குடுத்துடாதீங்க, செத்துரும்."

தினம் இரண்டு வேளை
ஊசி கழற்றிய சிரிஞ்சில் உப்புநீர்.
துண்டில் கொழுக்கட்டையாகச் சுற்றி, தலைமட்டும் வெளியே.
சீழ் ஒழுகாது. பிதுங்கும்,
கெட்டித் தயிராக.
முதல்நாள் குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.
ஒன்பதாம் நாள் கைகழுவிவிட்டு
அதே இடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றேன்.

புல்லை அரைத்த கூழ், துளி நெல்லிச்சாறு,
ஒரு மில்லி,
விழுங்கட்டும்,
இன்னொரு மில்லி.
அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.
ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருதரம்.
அந்நேரத்துக்கு அயனாவரத்தில்
நானும் இதுவும் தண்ணி லாரியும்தான்.

பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் வாங்குகிறேன்.
"விடாம சாத்துறீங்களே, என்ன வேண்டுதல்?"
என்கிறாள் பூக்காரி.
"பல்லு."
தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு
இன்னொரு பிடி சேர்த்துப் போடுகிறாள்.

எபினேசருக்குப் படம் அனுப்பினேன். ஒற்றை டிக்.
வட்டி வராத சங்கிலியை
ஏலப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார் முதலாளி.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்,
வட்டியை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.
அவன் வரட்டும் என்றா,
வந்தால் கூடைக்கு ரசீது எங்கே என்று
கேட்கலாமென்றா,
தெரியவில்லை.

இன்று காலை எழுநூற்றுப் பன்னிரண்டு.
ஒரு பவுன்!
சத்தம்போடுகிற ஆளில்லை நான். போட்டேன்.
பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தேன்.
மூத்திரம்.

துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன்.
எழுநூற்று ஆறு.
கால் பவுன்தானே என்று
எங்கள் கடையில்
யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

புண்வாயில் பொருக்கு மூடத் தொடங்கியிருந்தது.
பஞ்சை வெந்நீரில் நனைத்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்தேன்.